வலியைத் தேடிய மருத்துவர்

சுங்கை பூலோ என்றதும் நம்மில் பலருக்குப் பூச்செடிகளும் தொட்டிகளும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பூச்செடிப் பண்ணைகளுக்குப் பின்னால் ஒரு நெடுங்கதை இருக்கிறது. 1930-ஆம் ஆண்டு மருத்துவர் டிராவர்ஸ் அவர்களின் முயற்சியால் அங்கே தொழுநோயாளிகளுக்கென ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. சிறையைப் போல அல்லாமல், வீடுகளும் தோட்டங்களும் கொண்ட ஓர் ஊராகவே அது அமைக்கப்பட்டது. குடும்பத்தாரைப் பிரிந்து வந்தவர்கள் அங்கேயே செடி வளர்த்துப் பிழைக்கக் கற்றார்கள். அந்த நிலத்தின் ஒரு பகுதியில் இன்று மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் நிற்கிறது.

அங்கு வாழ்ந்த முதியவர்கள் பலருக்கு நோய் முற்றிலும் குணமாகிவிட்டது. உடலில் கிருமியும் இல்லை. ஆனாலும் மடங்கிய விரல்கள் நிமிரவில்லை, மரத்துப்போன பாதங்களில் உணர்வு திரும்பவில்லை. நோய் போன பின்னும் ஊனம் ஏன் போவதில்லை? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் போராடியவர் மருத்துவர் பால் பிராண்ட். பெற்றோர் ஆங்கிலேயர், ஆனால் பிறந்ததும் தவழ்ந்ததும் தமிழ் மண்ணில்.

இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் அவர் பிறந்தார். மலைவாழ் மக்களிடையே சமயப் பணியும் மருத்துவமும் செய்துவந்த ஜெஸ்ஸி, எவலின் தம்பதியரின் மகன். சிறுவயதில் அவர் கண்ட காட்சி ஒன்று உண்டு. கைகால்களில் புண்ணோடு மூன்று பேர் வீடு தேடி வந்தனர். எல்லாரையும் தொட்டு மருத்துவம் பார்க்கும் தந்தை, அன்று மட்டும் கையுறை அணிந்து கட்டுப் போட்டார். பிள்ளைகளை அருகில் வரவிடவில்லை. அந்த அச்சம் சிறுவனின் மனத்தில் தங்கிவிட்டது.

ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தை கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்தார். மகனால் அவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. பள்ளி முடிந்ததும் மருத்துவம் பயில விருப்பமின்றிக் கட்டடத் தொழிலும் தச்சு வேலையும் கற்றார். பிறகுதான் மனம் மாறி இலண்டனில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் சிதைந்த உடல்களைத் தைத்தே அறுவை மருத்துவத்தில் கைதேர்ந்தார். உடன் பயின்ற மார்கரெட்டை மணந்தார். பின்னாளில் அந்த அம்மையார் தொழுநோயாளிகளின் கண் மருத்துவத்தில் பெயர் பெற்றார்.

1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார் பிராண்ட். அவரை அழைத்தவர் தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கச் சென்றபோதுதான் அவர் வாழ்க்கை திசை மாறியது. கோணிப்போன கையோடு நின்ற ஓர் இளைஞரிடம், தம் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். பலமற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு வலியில் உயிர் போயிற்று. அந்தக் கையில் அவ்வளவு வலு! ஆனால், தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அந்த இளைஞருக்குத் தெரியவே இல்லை.

தொழுநோயில் சதை அழுகி உதிர்கிறது என்றுதான் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. மருத்துவர்களும் அதற்கு விலக்கல்லர். அந்த ஒரு கைப்பிடியில் பிராண்ட் இரண்டு உண்மைகளைக் கண்டார். ஒன்று, கையில் நல்ல தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மற்றொன்று, செத்திருப்பது நரம்பு. இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தபோது, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் போன்ற இடங்களில், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளே வீங்கிச் சிதைந்திருப்பதைக் கண்டார். தொழுநோய்க் கிருமி குளிர்ச்சியான இடங்களை விரும்புவது. உடலின் ஆழத்தில் வெப்பமாக இருக்கும் நரம்புகள் தப்பிவிடுகின்றன.

எனவே, முன்கையில் நலமாக இருந்த தசைகளின் நாண்களைத் திருப்பி விரல்களோடு இணைத்தார். 1948-இல் முதல் கை அறுவை நடந்தது. பல ஆண்டுகளாக மூடிக் கிடந்த விரல்கள் திறந்தன. ஆனால் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. கை நன்றாக இருப்பவனுக்கு யாரும் பிச்சை போடவில்லை, தொழுநோய்த் தழும்பு உள்ளவனுக்கு யாரும் வேலையும் தரவில்லை. பிராண்ட் தாம் இளமையில் கற்ற தச்சுத் தொழிலைக் கையில் எடுத்தார். 1950-களின் தொடக்கத்தில் வேலூரில் அமைந்த புதுவாழ்வு மையத்தில், அவர்கள் மரவேலை கற்றுச் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கினர்.

அங்கும் ஒரு புதிர் காத்திருந்தது. சீரமைத்த விரல்கள் இரவில் குறைந்துகொண்டே வந்தன. விழித்திருந்து பார்த்தபோது, உறங்குபவர்களின் விரல்களை எலிகள் கடிப்பது தெரிந்தது. வலி தெரியாததால் யாரும் விழிக்கவில்லை! அதன்பின், வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு பூனை கொடுத்தனுப்பப்பட்டது. பாதப் புண்களுக்கோ, முட்களும் கொதிக்கும் தரையும் தெரியாமல் நடப்பதே காரணம். அதற்காக மெத்தென்ற ரப்பர் அடியோடு கூடிய காலணிகளை உருவாக்கினார்.

ஒருமுறை இலண்டனில் விடுதியறையில், தம் குதிகாலில் உணர்வில்லை என்று தோன்றியது. ஊசியால் குத்தியும் வலிக்கவில்லை. தமக்கே நோய் தொற்றிவிட்டது என்று இரவெல்லாம் உறங்காமல் கலங்கினார். காலையில் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது! நெடும்பயணத்தில் கால் மரத்திருந்ததுதான் காரணம். வலி ஒரு வரம் என்பதை அன்று அவர் உடலே கற்றுக்கொண்டது.

1960-இல் லாஸ்கர் விருது அவரைத் தேடி வந்தது. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே செயற்கை வலியை உண்டாக்க முயன்றார். அழுத்தம் மிகுந்தால் ஒலியெழுப்பும் கருவிகளைக் கையுறையில் பொருத்தினார். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்தால், வேலை முடியும்வரை கருவியை அணைத்துவிட்டனர். பல ஆண்டு உழைப்புக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டது. நரம்பு செய்வதை எந்தக் கருவியும் செய்யாது என்ற பாடமே மிஞ்சியது. 2003-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் சியாட்டல் நகரில் அவர் மறைந்தார்.

அவர் தசையைத் திருப்பினார், காலணி செய்தார், தொழில் கற்றுத் தந்தார். நரம்பை மட்டும் அவரால் வளர்க்க முடியவில்லை. மருந்து ஆய்வில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. டாப்சோன் மருந்தை எதிர்த்துக் கிருமி தாக்குப்பிடிப்பதை 1964-இல் ஐயமற நிறுவியது சுங்கை பூலோவில் நடந்த ஆய்வுதான். அதன்பின் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்து, கிருமியை வெல்ல முடிந்தது. ஆயினும் மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, இழந்த நரம்பைத் தராது.

அறுபட்ட நரம்பு மீண்டும் வளருமா? விரல் நுனியில் முடியும் தொடு உணர்வு இழையின் தாய் உயிரணு, முதுகுத் தண்டின் அருகே இருக்கிறது. இழை அறுந்த செய்தி அங்கே போய்ச் சேர வேண்டும். அங்குள்ள சில புரதங்கள், வளர்ச்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிட வேண்டும். அப்போதுதான் இழை துளிர்க்கும். இதைக் கற்பிக்கும் உயிர்களில் ஒன்று, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள எலிகன்ஸ் என்னும் உருளைப்புழு. அதன் நரம்பணுக்கள் 302 மட்டுமே. 2004-இல் லேசர் கதிரால் அதன் ஒற்றை நரம்பிழையை அறுத்து, அது மீண்டும் வளர்வதைக் கண்டனர். 2009-இல் அந்தச் செய்தியைக் கொண்டுசெல்லும் டி.எல்.கே. என்ற புரதமும், அதன் தூண்டுதலால் பெருகி மரபணுக்களை இயக்கும் சி.இ.பி.பி. என்ற புரதமும் அடையாளம் காணப்பட்டன. டி.எல்.கே. இல்லாத புழுவில் அறுந்த இழை வளரவில்லை. அதைக் கூட்டியபோது வளர்ச்சியும் கூடியது. அந்த ஆய்வில் அறுக்கப்பட்டவற்றுள் புழுவின் தொடு உணர்வு இழைகளும் அடங்கும்.

புழுவிலிருந்து மனிதருக்கு வழி நெடியது. தொழுநோயில் நரம்பு ஒரே வெட்டில் அறுவதில்லை. பல ஆண்டுகளாக அரிக்கப்பட்டுத் தழும்பாகிறது. இருப்பினும், எங்கே தேட வேண்டும் என்று இன்று நமக்குத் தெரியும். உயிரியலும் மருத்துவமும் பயிலும் நம் மாணவர்கள் இத்துறையில் அடியெடுத்து வைக்க வேண்டும். பிராண்டுக்கு வாழ்நாள் வேலையைத் தந்தது பெரிய ஆய்வுக்கூடம் அன்று. பிறர் தொடத் தயங்கிய ஒரு கையைப் பற்றிய துணிவுதான்.