கே. எஸ். கிருஷ்ணன் (1898 - 1961)

மாணவர்களே, புத்தளம் உப்பளங்களில் விளையும் உப்பைக் கையிலெடுத்துப் பார்த்திருப்பீர்கள். அதன் ஒவ்வொரு மணியும் ஒரு பளிங்கு. பளிங்குகளின் காந்த இயல்பை அளந்து புகழ்பெற்ற தமிழ் விஞ்ஞானியே கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன்.

இவர் தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் 1898 டிசெம்பர் 4 இல் பிறந்தார். 1923 இல் கல்கத்தாவில் சி. வி. இராமனுடன் ஆய்வில் இணைந்தார். திரவங்களில் சிதறும் ஒளியின் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருவதை 1928 இல் இருவரும் கண்டனர். அதனை உலகுக்கு அறிவித்த முதற் கட்டுரையில் இருவரது பெயரும் உண்டு. ஆனால் 1930 இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. 'இராமன் விளைவு' பற்றி விடை எழுதும்போது கிருஷ்ணனை மறந்துவிடாதீர்கள்.

1928 இன் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்திற்குச் சென்ற கிருஷ்ணன், அங்கு தமக்கென ஒரு துறையை அமைத்துக்கொண்டார். பளிங்கை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என அளந்தார். நப்தலீன் பளிங்கு திரும்பும். ஏனெனில் அதன் காந்த இயல்பு திசைக்குத் திசை வேறுபடும். கனசதுர ஒழுங்குடைய உப்பு அவ்வாறு திரும்பாது. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் பளிங்கினுள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை இத்தகைய எளிய அளவீட்டிலிருந்தே அவர் உய்த்தறிந்தார்.

1940 இல் இலண்டன் றோயல் கழக உறுப்பினரானார். 1947 இல் டில்லி தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதலாவது பணிப்பாளராகி, 1961 ஜூன் 14 இல் மறையும்வரை அப்பதவியை வகித்தார்.