ஆறாத காயம், அயராத கரம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம். கடை ஒன்றின் வாயிலிலே கறுப்பினச் சிறுமி ஒருத்தி நிற்கிறாள். தப்பியோடும் அடிமையை நோக்கிக் கங்காணி வீசிய எடைக்கல், குறி தவறி அவள் மண்டையைப் பிளக்கிறது! மருத்துவமா? அடிமைக்கு ஏது! குருதி வழிய வழிய வயலுக்கு விரட்டினர். அவர்தான் ஹேரியட் டப்மன்.

அன்று தொடங்கிய வலிப்பும் மயக்க உறக்கமும் சாகும்வரை அவரை விடவில்லை. உடன்பிறந்த பெண்கள் மூவர் தெற்கே விற்கப்பட்டனர். 1849இல் ஹேரியட் தப்பினார், பிலடெல்பியா சேர்ந்தார். தாம் பிழைத்தது போதுமென்று இருந்தாரா? இல்லை! பிடிபட்டால் மீண்டும் விலங்கு என்றறிந்தும், ஏறத்தாழ 13 முறை இரவோடிரவாகத் திரும்பிச் சென்று, சுமார் 70 பேரை மீட்டு வந்தார்.

உள்நாட்டுப் போரிலே செவிலியானார். வயிற்றுக்கடுப்பால் துவண்டவர்க்கு வேர் காய்ச்சிக் கொடுத்தார். 1863 ஜூனில், கம்பாகி ஆற்றுப் படையெடுப்புக்கு வழிகாட்டினார். 700க்கு மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். செவிலிப் பணியை மதித்து ஓய்வூதியத்தை மாதம் 20 டாலராக உயர்த்த அரசுக்கு 1899 வரை மனம் வரவில்லை!

வறுமையிலும் அவர் கொடுத்த நிலத்திலே, 1908இல் ஆபர்ன் நகரில் கறுப்பின முதியோர்க்கு இல்லம் எழுந்தது. 1913இல் அங்கேயே கண் மூடினார்.

தோழர்களே! என் காயம் ஆறட்டும், பிறகு ஊரைப் பார்ப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை. ஆறாத காயத்தோடுதான் அடுத்தவர் காயத்துக்குக் கட்டுப் போட்டார்.