மணலை வென்ற மட்டை

கோல்ஃப் திடலின் பசும்புல் தரைக்கு இடையிடையே ஆழமான மணற்குழிகள் இருக்கும். ஒரு காலத்தில் திறமைமிக்க ஆட்டக்காரர்களும் அக்குழிகளைக் கண்டு அஞ்சினர். பந்து மணலுக்குள் விழுந்துவிட்டால் அதை வெளியேற்றுவதற்குள் வெற்றி கைநழுவிப் போய்விடும். இந்த அச்சத்தைப் போக்க வழி கண்டவர் ஜீன் சரசன்.

இவர் 1902ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஹாரிசன் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய இயற்பெயர் யூஜெனியோ சரசேனி. பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். தந்தை ஒரு தச்சர். குடும்ப வறுமையால், சரசன் சிறு வயதிலேயே கோல்ஃப் ஆட்டக்காரர்களின் மட்டைப் பைகளைச் சுமக்கும் வேலைக்குச் சென்றார். பையைச் சுமந்துகொண்டே ஆட்டத்தின் நுணுக்கங்களையும் கற்றுக்கொண்டார். ஆனால், மகனும் தச்சராக வேண்டும் என்பதே தந்தையின் விருப்பம்.

பதின்ம வயதில் சரசனைக் கடுமையான நுரையீரல் நோய் தாக்கியது. உயிர் பிழைத்த அவரைத் திறந்த வெளியில் வேலை செய்யுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்தினர். அவர் கோல்ஃப் ஆட்டத்தையே தம் தொழிலாக்கிக்கொண்டார். இயற்பெயர் வயலின் கலைஞரின் பெயர்போல் ஒலித்ததால் ஜீன் சரசன் என்று மாற்றிக்கொண்டார். 1922ஆம் ஆண்டு, தம் 20ஆவது வயதில் அமெரிக்கப் பொதுவிருதுப் போட்டியில் வாகை சூடினார்.

புகழ் வந்தபோதும் ஒரு குறை அவரை வாட்டியது. மணற்குழியில் விழுந்த பந்தை அடிக்கும்போதெல்லாம் அவர் தடுமாறினார். தம் குறையை அவர் மூடி மறைக்கவில்லை. அதற்கான காரணத்தைத் தேடினார். அக்கால மட்டையின் முன்விளிம்பு மெல்லியதாக இருந்ததால் அது மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே புதைந்தது.

அந்நாள்களில் சரசன் விமானம் ஓட்டவும் கற்றுவந்தார். விமானம் மேலெழும்போது அதன் வால்பகுதி கீழே தாழ்வதைக் கவனித்தார். உடனே அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மட்டையின் அடிப்பகுதியில் ஈயத்தைப் பற்றவைத்து, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்குமாறு அமைத்தார். இப்போது மட்டை மணலுக்குள் புதையாமல் வழுக்கிச் சென்றது. பந்துக்குச் சற்றுப் பின்னால் மணலை அடித்தால், அந்த மணலே பந்தைத் தூக்கி வெளியே எறிந்தது. இதில் தேர்ச்சி பெறும்வரை அவர் விடாமல் பயிற்சி செய்தார்.

1932ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் நடைபெற்ற பிரிட்டிஷ் பொதுவிருதுப் போட்டிக்குப் புதிய மட்டையுடன் சென்றார். போட்டிக்கு முன்பே அதிகாரிகள் அதைத் தடைசெய்துவிடுவார்களோ என்று அஞ்சி, மட்டையைப் பைக்குள் தலைகீழாக மறைத்து வைத்தார். அப்போட்டியில் 5 அடி வித்தியாசத்தில் வென்றார். அதே ஆண்டில் அமெரிக்கப் பொதுவிருதையும் மீண்டும் கைப்பற்றினார். 1935இல் மாஸ்டர்ஸ் போட்டியிலும் வென்று, இன்று முதன்மையாகக் கருதப்படும் நான்கு போட்டிகளிலும் வாகை சூடிய முதல் ஆட்டக்காரரானார்.

1973ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் ட்ரூன் திடலில் 71 வயதுச் சரசன் மீண்டும் களமிறங்கினார். எட்டாவது குழியில் ஒரே அடியில் பந்தைச் செலுத்தி அனைவரையும் வியப்பில் ஆழ்த்தினார். மறுநாள் அதே இடத்தில் அவரது பந்து மணற்குழிக்குள் விழுந்தது. முதியவர் தளரவில்லை. மணலிலிருந்து அவர் அடித்த பந்து நேராகக் குழிக்குள் சென்று விழுந்தது!

சரசன் 1999ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி, தம் 97ஆவது வயதில் காலமானார். மணலுக்கென அமைந்த மட்டை இன்று உலகெங்கும் ஆட்டக்காரர்களின் பைகளில் இருக்கிறது. தம் குறையைத் துணிந்து ஆராய்ந்த ஒருவரின் முயற்சி, பிறருக்கும் வழிகாட்டியாய் நிலைத்துவிட்டது.