தோட்டத்தில் ஒரு பள்ளி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பீடிங் ஹில்ஸ் என்னும் சிற்றூரில், அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைப் பெற்றோர்க்கு, 1866ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் ஆன் சலிவன் பிறந்தார். இளமையிலேயே கண்ணோய் பற்றியது, பார்வை மங்கியது. அன்னை மறைந்தார், தந்தை மக்களைத் துறந்து அகன்றார். 1876இல் ஆனும் அவர் தம்பி ஜிம்மியும் டியூக்ஸ்பரி என்னும் ஊரிலிருந்த ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்டனர். சில திங்களுக்குள் தம்பியும் மாண்டான். தனித்து நின்ற சிறுமி, விடுதியைப் பார்வையிட வந்தோரிடம் தம்மைப் பள்ளிக்கு அனுப்புமாறு மன்றாடினார். அதன் பயனாக 1880இல் பாஸ்டன் நகரில் பார்வையற்றோர்க்கென நடைபெற்ற பெர்க்கின்ஸ் பள்ளியில் இடம் பெற்றார். பதினான்கு வயதாகியும் தம் பெயரை எழுத அறியாதவராய்ச் சென்றவர், 1886இல் வகுப்பில் முதல்வராய்த் தேறினார். அறுவை மருத்துவத்தால் ஓரளவு பார்வையும் மீண்டது. கண்ணும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்னும் அம்மையார் அங்கு வாழ்ந்துவந்தார். அவரோடு உரையாடும் பொருட்டு, எழுத்துகளை விரல்களால் உள்ளங்கையில் காட்டும் முறையை ஆன் கற்றுக்கொண்டார்.

அலபாமா மாநிலத்து டஸ்கம்பியா என்னும் ஊரில் கெல்லர் குடும்பத்தார் வாழ்ந்தனர். அவர்தம் மகள் ஹெலன், பிறந்த பத்தொன்பதாம் திங்களில் உற்ற நோயால் பார்வையையும் கேட்கும் திறனையும் ஒருங்கே இழந்தவள். அவளுக்கு ஆசிரியையாக, 1887ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் சலிவன் அம்மையார் அங்கே வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபது.

ஆறு வயது கடந்த ஹெலன் எளிதில் அடங்குபவள் அல்லள். பிறர் தட்டுகளிலிருந்து உணவை அள்ளுவாள், தடுத்தால் உதைப்பாள், ஆசிரியையையே ஒரு நாள் அறையில் வைத்துப் பூட்டினாள். இரக்கத்தால் வீட்டார் அவளைக் கண்டிப்பதில்லை. ஆயினும் தோட்டம் அவளுக்கு இனியதாக இருந்தது. வேலிச் செடிகளைக் கையால் தடவிக்கொண்டே நடப்பாள். மணத்தைக் கொண்டே மலர் நின்ற இடத்தை அறிவாள். சமையற்காரியின் மகளோடு உயர்ந்த புல்லினூடே கினிக்கோழியின் முட்டைகளைத் தேடித் திரிவாள். உள்ளத்தில் ஆவல் இருந்தது. அதனை வெளியிடச் சொல் ஒன்றுதான் இல்லை.

ஆசிரியை அவளைத் தோட்டத்தையடுத்த சிறு வீட்டிற்கு அழைத்துச் சென்று, இரண்டு வாரம் அளவில் தனித்து வைத்துப் பணிவைக் கற்பித்தார். சொற்களையும் கையில் எழுதிவந்தார். சிறுமி விரலசைவை அப்படியே திருப்பிக் காட்டினாள். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்பதை உணர்ந்தாளில்லை. ஏப்பிரல் 5ஆம் நாள் இருவரும் வீட்டு முற்றத்திலிருந்த நீரிறைக்கும் குழாயருகே சென்றனர். குளிர்ந்த நீர் ஒரு கையில் பாய, மற்றொரு கையில் ஆசிரியை நீரின் பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டினார். சிறுமி அசைவற்று நின்றாள்; முகம் மலர்ந்தது. அன்றே அவள் முப்பது சொற்கள் அளவில் கற்றாள் என்றால், அதுவரை அடைபட்டுக் கிடந்த ஆவல் எத்தகையது!

இதன் பின்னர் ஆசிரியை செய்ததே அவர்தம் அறிவின் சிறப்பைக் காட்டுவது. நேரம் குறித்து, மேசைமுன் அமர்த்தி, பாடங்களை அடுக்கிச் செல்வதன்றோ பிறர் செய்வது? அவரோ அவ்வீட்டாரின் உறவினரான பதினைந்து திங்கள் குழந்தையை உற்றுநோக்கினார். அக்குழந்தைக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. கேட்டுக் கேட்டே பேச்சை அறிந்துகொண்டது. எனவே குறித்த நேரப் பாடங்களை நிறுத்திவிட்டார். குழந்தையின் காதில் பேசுவதுபோல ஹெலனின் கையில் முழுச் சொற்றொடர்களாகவே பேசத் தொடங்கினார். பாடம் பெரும்பாலும் வெயிலிலும் மரநிழலிலும் நடைபெற்றது.

டென்னசி ஆற்றங்கரையில் பாழடைந்த படகுத்துறை ஒன்று இருந்தது. அங்கே சிறுமி கூழாங்கற்களால் அணை கட்டினாள், தீவும் ஏரியும் அமைத்தாள், ஆற்றுப்படுகை தோண்டினாள். விளையாட்டு என்றே அவள் எண்ணினாள், கற்றதோ நிலநூல். கண்ணாடிக் கலத்தில் விட்ட தலைப்பிரட்டைகள் விரலிடையே நழுவி ஓடுவதை உணர்ந்து தவளையின் வளர்ச்சியை அறிந்தாள். சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்கென இந்நாளில் வகுக்கப்படும் புலன்வழி விளையாட்டுகளுள் பல, அன்று பெயரின்றியே நிகழ்ந்தன.

எல்லாம் இன்பமாகவே இருந்ததில்லை. ஒரு நாள் ஆசிரியை அவளைக் காட்டுச் செர்ரி மரக்கிளையில் அமர்த்திவிட்டு உணவு கொணர வீட்டிற்குச் சென்றார். திடீரென வெப்பம் மறைந்தது, மண்வாசனை எழுந்தது, புயல் மரத்தை உலுக்கியது. காணவும் கேட்கவும் இயலாத சிறுமி கிளையைப் பற்றி நடுங்கினாள். ஆசிரியை விரைந்து வந்து இறக்கினார். நெடுநாள் அவள் மரமேற அஞ்சினாள். பின்னர் ஒரு வேனிற் காலையில் மைமோசா மலரின் மணம் ஈர்க்க, அம்மரத்தில் தானே ஏறி அமர்ந்தாள். அச்சத்தை வென்றது கட்டளையன்று, மலர்மணமே.

ஹெலன் 1904இல் ராட்கிளிப் கல்லூரியில் பட்டம் பெற்றார். வகுப்புதோறும் அருகமர்ந்து, விரிவுரைகளை அவர் கையில் எழுதியவர் சலிவன் அம்மையாரே. நூல்களை ஓயாது படித்துக் காட்டியதால் அவர் கண்கள் மீண்டும் நலிந்தன. இறுதி ஆண்டுகளில் பார்வை முற்றும் மறைந்தது. 1936ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அவர்தம் சாம்பல் வாஷிங்டன் நகரத் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. 1968இல் ஹெலன் மறைந்தபோது, அவர் சாம்பலையும் ஆசிரியையின் அருகிலேயே வைத்தனர்.