உலகத் தமிழ் மாநாடு கண்ட தனிநாயகம் அடிகள்

கூடங்குளம் என்றதும் இன்று எல்லோருக்கும் அணுமின் நிலையம்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்து சில மைல் தூரத்தில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வழி வகுத்த பேரறிஞர் ஒருவர் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்றது அந்த ஊரில்தான்.

அவர்தான் தனிநாயகம் அடிகள்.

பிறப்பும் படிப்பும்

இலங்கையில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பன் என்ற கிராமத்தில், 1913-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி அவர் பிறந்தார். இளமைப் பெயர் சேவியர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படித்தார். பிறகு ரோமாபுரிக்குச் சென்று, சமயக் கல்வி கற்றுப் பாதிரியார் ஆனார். டாக்டர் பட்டமும் பெற்றார்.

லத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு என்று பல மொழிகள் அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு குறை இருந்தது. தாய்மொழியின் பழைய இலக்கியங்களை அவர் முறையாகப் படித்ததில்லை.

பண்டிதரிடம் பாடம்

1940-ல் வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். அப்போது வயது 27. டாக்டர் பட்டம் பெற்றவர்தான். ஆனாலும் மாணவராக உட்காருவதற்கு அவர் வெட்கப்படவில்லை. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் இலக்கியப் பாடம் கேட்கத் தொடங்கினார். சொல்லிக் கொடுத்தவர் ஐயர், கேட்டவர் கத்தோலிக்கப் பாதிரியார். தமிழ் அந்த இருவரையும் சேர்த்து வைத்தது.

சுமார் நான்கு ஆண்டுகள் இப்படிப் படித்தார். 1945-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே தமிழில் எம்.ஏ. தேறினார். சங்கப் பாடல்களில் இயற்கை எப்படிச் சொல்லப்படுகிறது என்று ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூலும் எழுதினார்.

தூத்துக்குடியில் கழகம்

1948-ல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். தூத்துக்குடி அன்று நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு மலாயா, ஜப்பான், அமெரிக்கா என்று நாடு நாடாகச் சென்று தமிழைப் பற்றிப் பேசினார்.

நம் மொழி பழமையானது, இனிமையானது என்று நமக்குள் நாமே பேசிக்கொண்டால் போதுமா? மற்ற நாட்டாரும் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா? அதற்காக 1952-ல் ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி இதழைத் தொடங்கினார். "தமிழ் கல்ச்சர்" என்பது அதன் பெயர். தமிழ் தெரியாத அறிஞர்களும் அதைப் படித்துத் தமிழின் பெருமையை அறிந்தார்கள்.

ரோமில் கிடைத்த அகராதி

வெளிநாடுகளுக்குப் போனபோது அங்குள்ள நூலகங்களில் பழைய தமிழ் நூல்களைத் தேடினார். புரோவென்சா என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி 1679-ல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. நம் நாட்டில் மறந்து போயிருந்த அந்த நூல், ரோமில் வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதை அடிகள் 1966-ல் கோலாலம்பூரில் மறுபடியும் வெளியிட்டார். 287 ஆண்டுகளுக்குப் பிறகு அது மீண்டும் படிப்பவர் கைக்கு வந்தது!

டில்லியில் பிறந்த மன்றம்

அந்த நாளில் பாரீசில் பிலியோசா, பிராகாவில் சுவலபில், இங்கிலாந்தில் பர்ரோ, அமெரிக்காவில் எமனோ ஆகிய அறிஞர்கள் தமிழையும் அதன் இன மொழிகளையும் ஆராய்ந்து வந்தார்கள். ஆனால் அவர்கள் தமிழுக்கென்றே கூடிப் பேச ஓர் இடம் இல்லை.

1964 ஜனவரியில் கீழ்த்திசை ஆராய்ச்சியாளர்களின் உலக மாநாடு டில்லியில் நடந்தது. அறிஞர்கள் பலர் அங்கே வந்திருந்தார்கள். அடிகள் அந்தச் சமயத்தைப் பயன்படுத்திக் கொண்டார். வ.அய். சுப்பிரமணியம் முதலியோருடன் சேர்ந்து அவர்களைக் கூட்டினார். ஜனவரி 7-ந் தேதி உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது.

மாநாடுகள்

ஆராய்ச்சி மாநாடு என்பது வெறும் விழா அல்ல. ஒருவர் தாம் கண்டறிந்ததைக் கட்டுரையாகப் படிப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். தவறு இருந்தால் எடுத்துச் சொல்வார்கள். பிறகு அந்தக் கட்டுரைகள் நூலாக வரும். அடுத்து ஆராய வருபவருக்கு அந்த நூல் கைவிளக்காக இருக்கும்.

முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. அடிகள் அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இரண்டாம் மாநாடு 1968 ஜனவரியில் சென்னையில் நடந்தது. அப்போது முதல்-அமைச்சராக இருந்தவர் அண்ணா. மெரினா கடற்கரையில் இன்றும் நிற்கும் திருவள்ளுவர், அவ்வையார், கம்பர், பாரதியார் சிலைகள் அந்த மாநாட்டையொட்டி வைக்கப்பட்டவை. இதே கூடங்குளம் வட்டாரத்தில் இடையன்குடியில் வாழ்ந்து, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லுக்கும் அங்கே சிலை உண்டு. மூன்றாம் மாநாடு 1970-ல் பாரீசில் கூடியது.

நான்காம் மாநாடு 1974-ல் அவருடைய சொந்த மண்ணான யாழ்ப்பாணத்தில் நடந்தது. ஜனவரி 10-ந் தேதி, நிறைவு நாள். திரண்டிருந்த கூட்டத்தின் மீது போலீசார் நடவடிக்கை எடுத்தனர். மின்கம்பி அறுந்து விழுந்தது. தமிழைக் கேட்க வந்தவர்களில் சிலர் பிணமானார்கள். விழா கண்ட ஊர் துக்கத்தில் மூழ்கியது.

மறைவு

1980 செப்டம்பர் 1-ந் தேதி அடிகள் காலமானார். ஐந்தாம் மாநாடு 1981 ஜனவரியில் மதுரையில் கூடியது. அதைக் காண அவர் இல்லை. ஆனால் அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. 2019-ல் பத்தாம் மாநாடு அமெரிக்காவில் சிகாகோ நகரில் நடந்தது.

டாக்டர் பட்டம் பெற்ற பிறகு, 27 வயதில், ஒரு கிராமத்தில் தாய்மொழியை மறுபடி கற்கத் தொடங்கியவர் அவர். படிப்பதற்குக் காலம் கடந்துவிட்டது என்று எண்ணுகிறவர்கள் வடக்கன்குளத்தை நினைத்துக் கொள்ளலாம்.