மேரி இரட்ணம் அம்மையார்: வைத்தியராகவும் தாயாகவும்

கொழும்புத்துறையிலும் அதன் அயலிலும் வளர்ந்து, இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பரந்து வாழும் எமது பழைய மாணவியர் ஒன்றுகூடும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாது எழுகின்றது. பிள்ளை சிறிதாக இருக்கும்போது உத்தியோகத்தைத் தொடர்வதா, விட்டுவிட்டு வீட்டில் இருப்பதா? படித்த படிப்பு வீணாகின்றதே என்று ஒருத்தி வருந்துகிறாள். பிள்ளையைப் பிறர் கையில் விட்டுவிட்டு வந்தேனே என்று மற்றவள் வருந்துகிறாள். எங்கள் அங்கத்துவப் படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தை வெறுமையாக விட்டுத் தருபவர்களும் பலர்.

ஆகையால் இந்நூற்றாண்டு மலரில், ஐந்து பிள்ளைகளுக்குத் தாயாகி, வைத்தியத் தொழிலையும் பொதுப்பணியையும் கைவிடாது வாழ்ந்த வைத்திய கலாநிதி மேரி இரட்ணம் அம்மையாரின் வரலாற்றை நினைவுகூர விரும்புகின்றோம்.

மேரி ஹெலன் ஏர்வின் 1873 ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எலோரா என்னும் ஊரிற் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பது அரிதாயிருந்த அக்காலத்தில் ரொறன்ரோவிற் பயின்று வைத்தியரானார். யாழ்ப்பாணத்திலே அப்போது அமெரிக்க மிஷனின் வைத்தியப் பணி மானிப்பாயில் வேரூன்றியிருந்தது. ஆயினும் ஆண் வைத்தியரிடம் போகக் கூசி, வீட்டிலேயே துன்புற்ற பெண்கள் ஏராளம். பெண்களுக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்ற தேவையே அம்மையாரை எமது குடாநாட்டின் பக்கம் அழைத்தது. பின்னர் இணுவிலில் எழுந்த மக்லியொட் வைத்தியசாலையும் அதே தேவையிற் பிறந்ததுதான். எம்மிற் பலருடைய பாட்டிமார் பிள்ளை பெற்ற இடம் அது.

அம்மையார் இலங்கை வந்தது 1896 இல். ஆனால் இலங்கைத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம் அவர்களை அவர் மணந்ததை மிஷன் ஏற்கவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி சுதேசி ஒருவரை மணப்பது அன்றைய மிஷன் உலகுக்குப் பொறுக்கமுடியாத செயல். அவருக்கென இருந்த பணி கைநழுவிப் போயிற்று. ஆக, அவருடைய தொழிலுக்கு முதலில் வந்த தடை பிள்ளை அல்ல, கல்யாணம். இது அவருக்கு மட்டும் நேர்ந்ததுமல்ல. மணமான பெண்ணை வேலையில் வைத்திருக்கக்கூடாது என்ற விதியை இலண்டன் மாவட்ட சபை ஆசிரியைகளுக்கும் பெண் வைத்தியர்களுக்கும் நீக்கியது 1935 இல். பிரித்தானிய அரச சேவை நீக்கியது 1946 இல். அதுவரை தொழிலா குடும்பமா என்ற தெரிவைப் பெண் செய்யவில்லை. வேலை கொடுத்தவர்களே அவளுக்காகச் செய்துவிட்டார்கள்.

தம்பதியர் கொழும்பிற் குடியேறினர். லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையிற் சிறிது காலம் கடமையாற்றிய அம்மையார், பின்னர் தனியாக வைத்தியம் செய்யத் தொடங்கினார். பெண்நோயும் மகப்பேறும் குழந்தை நலமுமே அவருடைய துறைகள். தனி வைத்தியத்தில் நேரத்தை ஓரளவுக்குத் தானே வகுத்துக்கொள்ளலாம். ஆனால் பிரசவ வலி நேரம் பார்த்து வருவதில்லை. நடுச்சாமத்தில் அழைப்பு வந்தால் வைத்தியர் எழுந்து போகத்தான் வேண்டும், தன் பிள்ளை காய்ச்சலிற் கிடந்தாலும். இந்த நெருக்கடியை எம்மில் வைத்தியர்களாகவும் தாதியர்களாகவும் உள்ளோர் நன்கறிவர்.

தொழிலோடு அவர் நின்றுவிடவில்லை. 1904 இல் இலங்கைப் பெண்கள் ஒன்றியம், 1909 இல் தமிழ் மகளிர் ஒன்றியம் என்பவற்றின் தோற்றத்தில் முன்னின்றார். பாடசாலைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். 1927 இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானபோது அதில் முன்னணியில் நின்றார். அச்சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா அம்மையார் முதலானோர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்று, தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று வாதாடினர். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் அந்தத் தாய்மாருக்கு, வீட்டில் இருக்கட்டுமா என்ற கேள்வியைக் கேட்கும் வசதிகூட இருந்ததில்லை. 1931 இல் 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களிக்கும் சர்வசன வாக்குரிமை இந்நாட்டுக்குக் கிடைத்தது.

அவருடைய பணிகளுள் நீண்டு நிலைத்தது 1930 இல் அவர் தொடக்கிய லங்கா மகிளா சமிதி. இதற்கு வித்து அவர் பிறந்த ஒன்ராறியோவில் இருந்தது. அங்கே அடெலெய்ட் ஹூட்லெஸ் என்னும் தாய், 1889 இல் தன் சின்ன மகனைப் பறிகொடுத்தார். அசுத்தமான பாலே காரணம் என்று நம்பிய அவர், வீட்டைப் பேணும் அறிவும் ஒரு கல்வியே என்று வாதாடி, 1897 இல் கிராமத்துப் பெண்களுக்கான முதற் சங்கத்தை அமைக்க வழிகோலினார். அந்த எண்ணத்தை மேரி இரட்ணம் இலங்கைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தார். சமிதியிற் சேர்ந்த பெண்கள் சுகாதாரமும் குழந்தை ஊட்டமும் கற்றனர். கூடவே தையல், கைப்பணி, வீட்டுத்தோட்டம் முதலியவற்றைப் பழகிச் சிறு வருவாயும் தேடிக்கொண்டனர். பிள்ளை பார்ப்பதும் உழைப்பதும் ஒரே முற்றத்தில் நடக்க அங்கே வழி பிறந்தது.

1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண் அவரே. சட்ட நுணுக்கம் ஒன்றினால் அப்பதவி நீடிக்கவில்லை. குடும்பத்திட்டம் பற்றி வாய்திறக்கவே அஞ்சிய அக்காலத்தில், எத்தனை பிள்ளை, எப்போது என்று தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு வேண்டும் என்று உழைத்தார். 1958 இல், 85 வயதில், பொதுச்சேவைக்கான ரமோன் மக்சாய்சாய் விருது அவரைத் தேடி வந்தது. 1962 இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இவ்வரலாற்றைச் சொல்லி, அவரால் முடிந்தது உன்னால் ஏன் முடியவில்லை என்று எந்தத் தாயையும் கேட்பது எமது நோக்கமல்ல. அக்காலத்து வசதியுள்ள வீடுகளில் ஆயாமார் இருந்தனர். தன் பிள்ளையை ஊரில் விட்டுவந்து பிறர் பிள்ளையைத் தூக்கிய தாய்மாரும் அவர்களுள் இருந்தனர். கொழும்புத்துறைக் கரையோரத்திலும் பாசையூரிலும் விடியமுன் மீன் சந்தைக்குப் போன பெண்களுக்கும், திண்ணையில் பிள்ளையை வளர்த்தியபடியே கடகம் இழைத்தவர்களுக்கும் தொழிலும் தாய்மையும் இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை. பக்கத்து வளவில் அம்மம்மாவோ பெரியம்மாவோ இருந்தார். இன்று அந்த வளவுகள் பல வெறுமையாகிவிட்டன. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டத்தோடு தொடங்கிய பாதுகாப்பு, இன்று 84 நாள் விடுமுறையாக உள்ளது. எண்பத்தைந்தாம் நாள் காலையில் பிள்ளையை யார் ஏந்துவது என்பதே எம் இளைய மாணவியரின் கேள்வி. கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ளோருக்கோ, பிள்ளை பராமரிப்பு நிலையத்துக்குக் கொடுத்த பின் சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்ற கணக்கு.

வீட்டில் இருந்த தாயையும் வெளியே சென்ற தாயையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பதில் மேரி இரட்ணம் அம்மையார் தம் காலத்தைச் செலவிடவில்லை. இருவருக்கும் வேண்டியவை எவை என்று தேடினார்: பாதுகாப்பான பிரசவம், சுத்தமான பால், சுகாதார அறிவு, கைக்குக் கொஞ்சக் காசு, ஒரு வாக்கு, கூடிப் பேச ஒரு சங்கம். இவை இருந்தால் தெரிவு உண்மையிலேயே தாயின் தெரிவாகும்.

எனவே சகோதரிகளே, 'தொழில்' என்ற இடத்தை வெறுமையாக விடும் எவரும் தயங்கி ஒதுங்கவேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கின்றோம். உங்கள் ஊரில் உள்ள எமது கிளை கூடும்போது, பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு அறையும் இரண்டு மூத்த மாணவியரும் இருக்கட்டும். புதிதாகத் தாயான தங்கை ஒருத்திக்கு ஒரு நேரச் சோறும், வேலைக்குத் திரும்பும் ஒருத்திக்கு ஒரு நல்ல அறிமுகமும் நாம் கொடுக்கலாம். நூறு ஆண்டு கண்ட சங்கத்துக்கு இது பெரிய காரியமல்ல.