மாணாக்கரைப் பிரியாத ஆசிரியர்
ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் சரித்திரத்தில் ஒரு பகுதி

ஒரு பாடசாலையிற் கற்று நீங்கிய மாணாக்கருக்கும் அப்பாடசாலைக்கும் பின்னர் உள்ள சம்பந்தம் யாது என்னும் வினா, உபாத்தியாயத் தொழில் செய்வோர் யாவரும் சிந்திக்கத்தக்கது. ஆண்டுதோறும் ஒரு கூட்டத்தார் நம்மை விட்டுச் செல்கின்றனர். வேறொரு கூட்டத்தார் வருகின்றனர். சென்றோரை நாம் மறக்கின்றோம். அவர்களும் நம்மை மறக்கின்றனர். பின்பு மண்டபம் ஒன்று கட்டவேண்டியபொழுது மாத்திரம் அவர்களை நினைந்து நிருபம் அனுப்புகின்றோம். இது தக்க முறையோ என்பதை ஆராய்தற்கு, நம் சமயத்தாருக்குப் பாடசாலை அமைத்துக் காட்டிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரது சரித்திரத்தினும் சிறந்த துணை வேறில்லை. அவர் சைவத்துக்கும் தமிழுக்கும் செய்த பெருந்தொண்டுகளை உபாத்தியாயர்கள் நன்கறிவர். ஆதலால், தம்மிடங் கற்றவர்களை அவர் எவ்வாறு பிரியாது வைத்துக்கொண்டார் என்னும் ஒன்றனையே இங்கே எடுத்துக்கொள்கின்றோம்.

நாவலர் 1822 ஆம் ஆண்டு மார்கழி மாசத்திலே யாழ்ப்பாணத்து நல்லூரிலே, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புத்திரராய் அவதரித்தார். இளமையிலே தந்தையாரை இழந்தவராதலால் தமையன்மாரின் ஆதரவிலே வளர்ந்து, சரவணமுத்துப் புலவரிடத்தும், அவருடைய ஆசிரியராகிய சேனாதிராய முதலியாரிடத்தும் தமிழ் கற்றார். ஆங்கிலங் கற்றற்கு வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்தார். பேர்சிவல் பாதிரியார் அதன் தலைவர். கற்றுத் தேறிய அவ்விளைஞரை வெளியே செல்லவிடாது, பாதிரியார் அப்பாடசாலையிலேயே உபாத்தியாயராக்கினார். கிறிஸ்தவ வேதத்தைத் தமிழிலே பெயர்த்தற்கும் அவரைத் துணைக்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயசு இருபதளவு.

இவ்விடத்தை நாம் சற்றே நின்று நோக்கவேண்டும். மிஷன் பாடசாலையிலே கற்றவர்களாகிய நம்மவர் பலர் இதனை எளிதில் உணர்வர். மிஷனரிமார் மாணாக்கரைக் கற்பித்து விட்டுவிடுபவர் அல்லர். சிறந்தவனை உபாத்தியாயனாக்குவர், மற்றொருவனை அச்சுக்கூடத்துக்கு அனுப்புவர், இன்னொருவனைப் பிரசங்கியாக்குவர். கற்றவனுடைய ஆயுட்காலம் முழுவதும் அவனுக்கு அவர்களிடத்தே ஒரு வேலை இருக்கும். வட்டுக்கோட்டையிலே 1823 இல் அமெரிக்க மிஷனார் தொடங்கிய செமினரி 1855 இல் மூடப்பட்டபின், அங்கே கற்றவர்கள் அதனை மறந்திருக்கவில்லை. உயர்கல்விக்கு மீண்டும் ஓரிடம் வேண்டுமென்று முயன்றவருள் அவர்களும் இருந்தனர். அம்முயற்சியின் பயனாக 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று. ஒரு பாடசாலை மூடப்பட்டபின்னும் அதன் மாணாக்கர் அதற்காகப் பாடுபடுவராயின், அங்கே கற்பித்தவர்கள் புத்தகத்தின் வேறாகிய ஒன்றையுங் கொடுத்திருந்தனர் என்பது துணிபு. நாவலர் இம்முறையை உள்ளிருந்தே கண்டவர். தாமே அம்முறையால் நிறுத்தப்பட்ட பழைய மாணாக்கர்.

கண்டதை அவர் தம்மவர் பொருட்டு உபயோகித்தார். பகலிலே மிஷன் பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, காலையிலும் இரவிலும் தம்மிடம் வந்த பிள்ளைகளுக்கு வேதனம் வாங்காது இலக்கண இலக்கியங்களையும் சைவ நூல்களையும் கற்பித்தார். அவருள் ஒருவர் நல்லூர்ச் சதாசிவப்பிள்ளை. 1847 ஆம் ஆண்டு மார்கழி 31 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அது வெள்ளிக்கிழமைதோறும் நிகழ்ந்தது. பாடசாலைக்குச் செல்லும் வயசு கடந்தவர்களும், கற்று நீங்கித் தொழிலிற் புகுந்தவர்களும் வாரத்துக்கு ஒருமுறை வந்து கேட்டற்கு அது ஓரிடமாயிற்று.

கீலக வருஷத்திலே, அஃதாவது 1848 இல், வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை ஸ்தாபித்து, மிஷன் பாடசாலை உத்தியோகத்தையும் விட்டார். வித்தியாசாலைக்கு மூலதனம் இல்லை; அரசாங்க உதவியுங் கிடைத்திலது. வீடுகள்தோறும் பிடியரிசி சேர்த்தனர். அங்ஙனமாயின் அதனிடத்தே கற்பித்தவர் யாவர்? பெரும்பாலார் அவரிடத்தே முன்னர்க் காலையிலும் இரவிலும் பாடங்கேட்ட மாணாக்கரே. தாம் இலவசமாகப் பெற்ற கல்வியை அவர்கள் பிறருக்கு இலவசமாகவே கொடுத்தனர். வித்தியாசாலைக்கு முதற்கண் கிடைத்த மூலதனம் இதுவே என்று நாம் சொல்வோம். கட்டடத்துக்கு முன்னரே பழைய மாணாக்கர் இருந்தனர். கட்டடம் அவர்களைச் சுற்றி எழுந்தது.

கற்பித்தற்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு அச்சியந்திரம் வேண்டும். 1849 இல் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டு நாவலர் சென்னபட்டணத்துக்குச் சென்றபோது, உடன் சென்றவர் அச்சதாசிவப்பிள்ளையே. அந்த யாத்திரையிலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருடைய சொல்வன்மையைக் கண்டு நாவலர் என்னும் பட்டத்தைச் சூட்டினர். ஆசிரியர் பட்டம் பெற்றதை அருகே நின்று கண்ட மாணாக்கர், பின்னர் அவ்வாசிரியருடைய அச்சுவேலையிலும் தரும பரிபாலனத்திலும் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அச்சியந்திரம் யாழ்ப்பாணத்துக்கு வந்தபின் முதலாம், இரண்டாம் பாலபாடங்கள் வெளிவந்தன. 1852 இலே பெரியபுராண வசனம் வெளிவந்தது. எழுத்துக் கோத்தலும், பார்வைப்பத்திரம் திருத்தலும், பிரதிகளை ஒப்புநோக்குதலும் ஒருவரால் ஆகற்பாலன அல்ல. நாவலர் பதிப்புக்கள் பிழையின்மைக்குப் பேர்பெற்றனவாயின், அப்பெருமையிலே அவருடன் இருந்து கண்விழித்தவர்களுக்கும் பங்குண்டு. பாடசாலையிலே எழுத்துப்பிழை திருத்தப்பட்ட பிள்ளைகள், வளர்ந்தபின் எழுத்துப்பிழை திருத்தும் தொழிலிலே ஆசிரியருக்குத் துணையாயினர்.

1864 இலே சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். அதுமுதல் 1870 வரையும் அவர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலேயே இருந்தார். ஆறாண்டுகள்! தலைமை உபாத்தியாயர் ஆறு மாசம் விடுமுறையிலே சென்றால் ஒரு பாடசாலை எந்நிலை எய்தும் என்பதை நாம் அறிவோம். ஸ்தாபகர் கடலுக்கு அப்பால் இருந்தும் வண்ணார்பண்ணை வித்தியாசாலை அழிந்துபோகவில்லை. பொறுப்பைத் தம் கையிலேயே வைத்திராது, கற்றவர்களுடைய கையிலே காலத்தோடு கொடுத்திருந்தமையே அதற்குக் காரணம். மாணாக்கரை நம்பாத ஆசிரியர் தம் பாடசாலையை விட்டு ஓரடியும் அப்பாற் செல்லுதல் இயலாது. நம்பினவரோ இரண்டு நாட்டிலே பாடசாலை நடத்தினார்.

நாவலர் எடுத்த காரியம் யாவும் முற்றுப்பெற்றனவென்று சொல்லுதல் உண்மையன்று. 1872 இலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிள்ளைகளுக்கென ஆங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டினாலே அது 1876 இல் நின்றுபோயிற்று. தமிழ் வித்தியாசாலை பிடியரிசியினால் நின்றது. ஆங்கில வித்தியாசாலை அவ்வாறு நிற்கக்கூடவில்லை. இதற்கு நாம் கருதுங் காரணம் ஒன்றுண்டு. தமிழ் வித்தியாசாலைக்கு, அது பிறத்தற்கு முன்னரே, வேதனங் கருதாது கற்பிக்கும் மாணாக்கர் பரம்பரை ஒன்று உண்டாகியிருந்தது. ஆங்கில வித்தியாசாலைக்கு அத்தகைய பரம்பரை இல்லை, ஆங்கிலம் வல்லார்க்குச் சம்பளம் கொடுத்தே தீரவேண்டும், சம்பளத்துக்கோ பொருளில்லை. பழைய மாணாக்கர் இல்லாத பாடசாலை வேரில்லாத மரம்போலும் என்பதற்கு, நாவலரது வெற்றியும் தோல்வியும் ஒருங்கே சான்றாயின.

ஆயினும் அவ்விதை கெட்டொழியவில்லை. நாவலர் 1879 இலே ஆடிமாசத்துச் சுந்தரமூர்த்திநாயனார் குருபூசைத் தினத்திலே தமது கடைசிப் பிரசங்கத்தைச் செய்து, அவ்வருஷம் மார்கழி 5 ஆந் திகதி, கார்த்திகை மகத்திலே, சிவபதமடைந்தார். அதன்பின் 1888 இலே யாழ்ப்பாணத்துச் சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1890 இலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அச்சபையின் ஆதரவிலே வண்ணார்பண்ணையில் நிலைபெற்றது. நாவலர் முடிக்கப்பெறாத ஆங்கிலக் கல்விக் கருமத்தை, அவர் பிரசங்கங்களைக் கேட்டும் அவர் நூல்களைக் கற்றும் வளர்ந்த தலைமுறையினர் முடித்தனர். ஆசிரியர் விட்ட இடத்தினின்றும் தொடங்குபவரே உண்மை மாணாக்கர்.

அவருடைய மற்றைக் கருமங்களும் அவ்வாறே கைமாறின. சதாசிவப்பிள்ளை தருமபரிபாலகராய் இருந்து வித்தியாசாலைகளையும் அச்சியந்திரசாலையையும் பாதுகாத்தார். நாவலர் புத்தகங்களின் முகப்பிலே அவர் பெயரை நம் முன்னோர் கண்டிருப்பர். நாவலருடைய மருமகரும் மாணாக்கருமாகிய வித்துவசிரோமணி பொன்னம்பலபிள்ளை, பாடஞ் சொல்லும் வழக்கத்தை வளர்த்தார். அவரிடங் கற்றவருள் ஒருவரே, தொல்காப்பிய உரைகளுக்கு விளக்கக் குறிப்புக்கள் எழுதிய கணேசையர். 1822 இலே பிறந்த ஒருவர் தொடங்கிய பாடம், 1958 இலே மறைந்த ஒருவர் வாயிலும் ஒலித்தது. கனகரத்தின உபாத்தியாயர் 1882 இலேயே நாவலர் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார், பின்னர் த. கைலாசபிள்ளை விரிவாக எழுதினார். கைலாசபிள்ளை நாவலர் பெயராலே காவிய பாடசாலை ஒன்றையும் நடத்தினார்.

இனி, இச்சரித்திரத்தினால் நாம் அறியக்கிடப்பன யாவை? நாவலருக்குப் பொருள் வேண்டியிருந்தது மெய்யே. அதனைச் செல்வரிடத்தும் ஊரவரிடத்தும் கேட்டார். தம்மிடங் கற்றவரிடத்து அவர் சிறப்பாகக் கேட்டது உழைப்பை. ஒருவனைப் பாடம் நடத்த அழைத்தார். ஒருவனை அச்சுக்கூடத்திலே நிறுத்தினார். ஒருவனைத் தம்முடன் யாத்திரைக்கு அழைத்துச் சென்றார். பணங் கொடுத்தவன் கொடுத்த அன்றே தன் கடன் தீர்ந்ததென்று கருதுதல் கூடும். வேலையிலே பங்கு பெற்றவனோ அக்கருமம் தன்னுடையது என்று கருதுவான். பிறிதொருவர் அழையாமலே வருவான்.

இக்காலத்திலே இது முன்னிலும் வேண்டப்படுவதாயிற்று. 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுகளிலே அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபின், சைவப் பாடசாலைகள் பலவற்றின் முகாமை சைவ வித்தியாவிருத்திச் சங்கம் முதலியவற்றின் கையினின்றும் நீங்கிற்று. அதிபர் மாறுவர், உபாத்தியாயர் இடமாற்றம் பெறுவர். மாறாது நிற்பவர் அங்கே கற்றவர்களே. யுத்தத்தினால் அவர்களிற் பலர் தேசாந்தரம் சென்றுவிட்டனர். அவர்கள் அனுப்பிய பொருளினால் மண்டபங்களும் நூல்நிலையங்களும் எழுந்தன. அதற்கு நாம் நன்றியுடையோம். ஆனால், கனடாவிலே பொறியியல் அறிந்தவரும், லண்டனிலே வைத்தியம் அறிந்தவரும், பக்கத்துத் தெருவிலே தச்சுத்தொழில் அறிந்தவரும் நம்மிடத்தே கற்றவராயின், அவர்களை ஒரு மணிநேரம் பிள்ளைகளோடு பேச அழைத்தோமா? பக்கத்துத் தெருவிலுள்ளவரை விழாவுக்கேனும் அழைத்தோமா? பொருளுள்ளவரையே பழைய மாணாக்கரென எண்ணும் சங்கம், தன் மாணாக்கரிற் பெரும்பகுதியாரை இழந்துவிடும்.

உபாத்தியாயர்கள் செய்யத்தக்கது பெரியதொன்றன்று. விடுகைப் பத்திரம் கொடுக்கும் நாளிலே, அப்பிள்ளை செல்லுமிடத்தையும் செய்யக்கருதும் தொழிலையும் ஒரு கொப்பியிலே எழுதிவைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அக்கொப்பியை எடுத்துப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் அவரவரால் ஆகும் சிறுவேலை ஒன்றைக் குறித்தல் வேண்டும்: கணக்கு வல்லவர் மாலையிலே பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம், பண்ணோடு ஓதவல்லவர் வெள்ளிக்கிழமையிலே திருமுறை ஓதுவிக்கலாம், கைத்தொழிலாளர் உடைந்த வாங்கைத் திருத்தலாம். இவர்களை ஒருங்குசேர்த்தற்கு நாள் தேடவேண்டுவதில்லை. கார்த்திகை மகத்திலே நாவலர் குருபூசை நம் பாடசாலைகளிலே நடைபெறுகின்றது. அன்று பூசை முடிந்தபின், அவ்வாண்டு பாடசாலைக்கு வேண்டிய வேலைகளை வாசித்து, வந்த பழைய மாணாக்கருக்குள்ளே பங்கிட்டுக் கொடுப்போமாயின், அவருடைய குருபூசை அவர் விரும்பியவாறே நிகழ்ந்ததாகும்.